மாமாவுக்குத் தேவதைகள் தேவைப்பட்ட கிழமை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு கிழமை முழுவதும் தேவதைகளுக்குத் தட்டுப்பாடாக இருந்தது. அரிசி இருந்தது, மாவு இருந்தது, அப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய பால்மா பெட்டிகூட இருந்தது. தேவதைகள்தான் இல்லை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். ஒரு பக்கம் நடந்தால் வாவி, மறுபக்கம் நடந்தால் கடல். வீட்டில் நான்கு பேர் இருந்தோம்: அம்மா, மாமா, நான், என்னைவிடச் சின்னவனான என் தம்பி. அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அவருடைய தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். மாமா அப்போது சிறு பிள்ளை. எப்படிப் போனார்கள் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை. அம்மாதான் மாமாவை வளர்த்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் மீசை வைத்த பிறகும் மாமாவுக்குத் தலைமுடி எப்போது வெட்ட வேண்டும் என்பதை அம்மாதான் தீர்மானித்தார்.

மாமா நகரத்தில் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் கலியாணக் கார்டுகளும் பூப்புனித நீராட்டு விழா பனர்களும் செய்துகொண்டிருந்தார். மிச்ச நேரத்தில் படம் கீறுவார். ஒரு நண்டு குடை பிடித்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடப்பதை அவர் அசையும் படமாகச் செய்து இணையத்தில் போட, அதைக் கொழும்பில் யாரோ பார்த்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கார்ட்டூன் தொடர் செய்யப் போகிறோம், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தேவதை வர வேண்டும், இதுவரை யாரும் கேட்டிராத கதைகளாக யோசித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்றார்கள். கதைகள் பிடித்திருந்தால் வேலை, தங்க இடம், எல்லாம் கொழும்பில்.

மாமாவுக்கு ராசி இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவர் கட்டாருக்குப் போக அப்பா ஒழுங்கு செய்தபோது, போக வேண்டிய மாதம் அம்மாவுக்குத் தலைசுற்று வந்தது. பிறகு கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்று அம்மா கண்டுபிடித்தார். கூரையைத் திருத்தி முடிப்பதற்குள் அச்சகத்தில் வேறு ஆள் சேர்ந்துவிட்டார். எனவே இந்தத் தடவை மாமா கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தார்.

முதலில் அவரே யோசித்தார். கிணற்றில் விழும் பிள்ளையைத் தேவதை தூக்குகிறது. ஏழைப் பிள்ளைக்குத் தேவதை பொம்மை கொண்டுவருகிறது. பொய் சொன்ன பிள்ளையின் கனவில் தேவதை வந்து அழுகிறது. தொலைபேசியில் கொழும்பு அக்கா ஒருவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வடிவா இருக்குத் தம்பி. ஆனா இதெல்லாம் ஏற்கெனவே வந்திட்டுது," என்றார்.

வேறு வழியில்லாமல் மாமா எங்கள் இருவரையும் வேலைக்கு எடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முதல் நாள் வேலை தொடங்க முன்னரே என் தம்பி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

"தேவதை ஆம்பிளையா, பொம்பிளையா?"

மாமாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி கத்தோலிக்கர். வேலிக்கு மேலாக அவரிடம் கேட்டோம். "நாங்க சம்மனசு எண்டு சொல்லுவம். ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு காவல் சம்மனசு இரிக்கு மனே. பிறந்த நாளிலயிருந்து கூடவே நிக்கும்," என்றார் அவர்.

"அப்ப பள்ளிக்கூடத்தில எந்தக் கக்கூசுக்குப் போகும்?" என்றான் தம்பி.

அன்ரி வேலியைவிட்டு விலகிப் போய்விட்டார். ஆனால் சம்மனசு என்ற சொல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

புதன்கிழமை, நாங்கள் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி வியாபாரி மோட்டார் சைக்கிளில் துணி கொண்டுவந்தார். அம்மா சட்டைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா அவரிடமும் கேட்டார். நானா துணியை மடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எங்கட மார்க்கத்தில மலக்குமார் எண்டு சொல்ற தம்பி. நம்மட வலது பக்கமும் இடது பக்கமும் ரெண்டு பேர் இரிப்பாங்க. நாம செய்யிறதை எல்லாம் எழுதிக்கொண்டே இரிப்பாங்க."

மாமாவின் கை தன்னால் பென்சிலைத் தேடியது. நானா தலையை ஆட்டினார். "கதையைக் கேளுங்க. படம் மட்டும் கீறிராதீங்க. அது எங்களுக்குச் சரிவராது."

"இல்ல நானா, கீற மாட்டன்," என்று மாமா பென்சிலைக் காதிலேயே விட்டுவிட்டார். நல்ல கதையொன்று கைக்கு எட்டிய தூரத்தில் வந்து திரும்பிப் போனதை அவர் முகத்தில் பார்த்தேன். நானா போன பிறகு என் தம்பி தன் இரண்டு தோள்களையும் தட்டிவிட்டுக்கொண்டான்.

அதன் பிறகு நான் தீவிரமாக யோசிக்கத் தொடங்கினேன். என்னுடைய முதல் சம்மனசுக்குக் கல்லடியில் ஒரு பெண்பிள்ளையைக் காவல் காக்கச் சொல்லி மேலே உத்தரவு. வீட்டு இலக்கம் தெரியாததால் அது தவறுதலாக ஓர் ஆட்டுக்குக் காவல் நிற்கிறது. அந்த ஆட்டை எந்த நாயும் நெருங்க முடியவில்லை, எந்த லொறியும் இடிக்கவில்லை, கடைசியில் ஊரே ஆட்டைக் கும்பிடுகிறது. என்னுடைய இரண்டாவது சம்மனசு, வாவியில் வலை போட்டவரின் வலையில் மாட்டிக்கொள்கிறது. கரைக்குக் கொண்டுவந்தால், மீன் வாங்க வந்தவர்கள் தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நிறுத்து விற்பதா, திரும்ப விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. சம்மனசோ, இறகு காயும்வரை கொஞ்சம் வெயிலில் விடுங்கள் என்று கெஞ்சுகிறது. என் தம்பி ஒரே ஒரு கதைதான் சொன்னான். அவனுடைய சம்மனசு ஜேசிபி ஓட்டியது. என்ன செய்வதற்கு என்று கேட்டால், "சும்மா ஓட்டும்," என்றான்.

மாமா எல்லாவற்றையும் எழுதினார். வலைக் கதைக்கு அவர் சத்தமாகச் சிரித்தார். நான்தான் மாமாவைக் கொழும்புக்கு அனுப்பப்போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அனுப்புவது என்றால் அவர் போய்விடுவார் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. கொழும்பு என்பது பரிசு கிடைக்கும் இடம். பரிசை வாங்கிக்கொண்டு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள்.

அந்தக் கிழமை முழுவதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கதை யோசிக்கும் நேரத்தில் பின்வளவில் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பார். தலைசுற்று வரவில்லை. கூரையைப் பற்றியும் பேச்சில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். மாமா பாயை அங்கேயே கொண்டுவந்து போட்டு, எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். சிரிப்புக் கதைகள் இருக்கின்றன, ஆனால் மனதில் நிற்கிற மாதிரி ஒன்றும் வரவில்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்போது அம்மா தலையை நிமிர்த்தாமலே பேசத் தொடங்கினார்.

"ஒரு சம்மனசு இரிக்கு எண்டு வை. அதை ஒரு சின்னப் பொடியனைப் பாத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பின. பொடியனுக்குத் தாய் தகப்பன் இல்ல. விழுந்தாத் தூக்கிவிடும். காய்ச்சல் வந்தாப் பக்கத்தில இரிக்கும். நல்லாத்தான் பாத்தது."

"மறுகா?" என்றான் என் தம்பி.

"மறுகா அவன் வளந்திட்டான். அவனுக்கு வெளிய போகணும் எண்டு ஆசை. சம்மனசுக்குப் பயம். அவன் வெளிக்கிடுற நாளில செருப்பை எடுத்து ஒளிச்சிரும். பஸ் வாற நேரம் பாத்து மழையைக் கொட்டிவிடும். அவனும், சரி, பிறகு போவம் எண்டு நிண்டிருவான். ஊரில எல்லாரும் அவனுக்கு ராசி இல்ல எண்டு கதைச்ச. ராசியில ஒரு குறையும் இல்ல. சம்மனசுதான் பிடிச்ச கையை விடல்ல."

மாமாவின் பென்சில் நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன், ஏனென்றால் என் கதைகளுக்கு அது நிற்காமல் ஓடியது.

"அது கெட்ட சம்மனசா அம்மா?" என்று கேட்டேன்.

"கெட்டது இல்ல மகள். அதுக்கு வேற வேலை தெரியாது."

 அம்மா இறாலின் தலையைக் கிள்ளி ஒரு பக்கமும் சதையை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கதை எப்படி முடியுது அக்கா?" என்று மாமா கேட்டார். 

"முடிவு எனக்குத் தெரியா. நீதானே கதை எழுதுற ஆள். நீ முடி."

அந்த இடைவெளியில் நான் புகுந்தேன். "சம்மனசும் பஸ்ஸுக்கு மேல ஏறி அவனோட போகலாம்தானே?"

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப இஞ்ச வீட்டை ஆர் பாக்கிற?"

எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. அதில் வலை இல்லை, தராசு இல்லை, ஜேசிபிகூட இல்லை. சின்னப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று மாமாவிடம் சொன்னேன்.  அவர் பாயிலிருந்து எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, இறால் உரிக்கத் தொடங்கினார். மாமா இறாலைத் தொடவே மாட்டார். மணம் விரலில் நின்று பென்சிலிலும் ஏறிவிடும் என்பார். அன்று கடைசி இறால்வரை உரித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் காலை முடிவை எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். மிகச் சின்ன முடிவு. ஒரு நாள் சம்மனசு தானாகவே பொடியனின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை அவனோடு நடக்கிறது. பஸ் வருகிறது. அவ்வளவுதான். அம்மா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தப் பைக்குள்ள சாப்பாடு இரிக்கு எண்டும் எழுது," என்றார்.

எல்லாக் கதைகளும் கொழும்புக்குப் போயின. இரண்டு நாள் கழித்துக் கொழும்பு அக்கா அழைத்தார். வலைக் கதையையும் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் அந்தக் கையை விடாத சம்மனசின் கதையை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார். மாமா அடுக்களைப் பக்கம் பார்த்தபடி, "அது வீட்டில இருந்த கதை அக்கா," என்றார்.

அந்தத் தொடரில் மாமா சில வருடங்கள் வேலை செய்தார். பிறகு வேறு தொடர்கள் வந்தன. கலியாணமும் அங்கேயே ஆனது. இப்போதும் கொழும்பில்தான் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார். என் ஆட்டுக் கதையை யாரும் எடுக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னக் குறைதான்.

அவர் போன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மட்டக்களப்பு ஸ்டேசனுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அம்மா பெட்டிக்குள் ஏறி, இருக்கையைக் கையால் துடைத்துவிட்டு, எதிரே இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "தம்பிக்கு ரயிலில தலை சுத்தும். ஜன்னல் பக்கம் இரிக்க விடுங்க," என்றார். அந்தப் பெண் மாமாவின் மீசையைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். ரயில் நகர்ந்தபோது மாமாதான் கண்ணைத் துடைத்தார். அம்மா அழவில்லை. கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றுவிட்டு, "வாங்க, போவம்," என்றார்.

பஸ்ஸில் பாலத்தைக் கடந்து கல்லடியில் இறங்கினோம். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. அம்மா அதற்குள் திரும்பவில்லை. நேரே நடந்தார். நாங்களும் பின்னால் நடந்தோம். கடற்கரையில் காலையிலேயே சைக்கிளில் ஐஸ்பழம் விற்பவர் நின்றார். எங்களுக்கு இருமல் வரும் என்று மத்தியான வெயிலிலும் ஐஸ்பழம் வாங்கித் தராத அம்மா, காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே ஆளுக்கொன்று வாங்கித் தந்தார். முடிந்ததும் இன்னொன்று வாங்கித் தந்தார். தோணிகளைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மணலில் கால்களை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ட போவம் அம்மா," என்றான் என் தம்பி, நாக்கெல்லாம் சிவப்பாக.

"இன்னும் கொஞ்சம் இரிப்பம் மனே."

அவன் பிறகும் கேட்டான். அம்மா பிறகும் அதையே சொன்னார். எனக்கோ எழும்ப மனமில்லை. வலைக் கதைக்காக அம்மா எனக்குத் தரும் பரிசு இது என்று முழுமனதாக நம்பினேன். அப்படியே அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். அவர் என் தலையைத் தன் பக்கம் இழுத்து, "ஓம், அதுக்குத்தான்," என்றார். எங்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை நடந்து போய்க் கதவைத் திறக்க அம்மாவுக்கு ஏன் மத்தியானம்வரை ஆனது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.