அண்ணன் தங்கை யானைகளின் கல்யாணம்

லுகாயாவில் பஸ் நிற்பது மூன்று நிமிடம்கூட இருக்காது. அதற்குள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி, சுட்ட வாழைப்பழத்தை உள்ளே இருப்பவரின் மூக்குக்கு நேரே நீட்டி, வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் சிரிக்க வைத்துவிட வேண்டும். நசங்கா இந்த வேலைக்குப் பத்தொன்பது வயதில் வந்தாள். எண் போட்ட நீல மேலங்கி, தலைக்கு மேலே தூக்கிய தட்டு, தெருக்கோடி வரை கேட்கும் தொண்டை. நாற்பது பேர் ஒன்றாகக் கத்துகிற இடத்தில் கத்தல் எடுபடாது, கதைதான் எடுபடும் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். “செபோ, இந்தப் பழம் காலையிலிருந்து உங்களுக்காகத்தான் ஒத்தைக்கால்ல நிக்குது. வேற யாரோடயும் மசாக்காவுக்கு வரமாட்டேங்குது” என்பாள். செபோ என்றால் ஐயா, மசாக்கா பஸ் போகிற அடுத்த பெரிய ஊர். ஐயா சிரித்துவிட்டால் முடிந்தது, பழம் மசாக்காவுக்குப் போய்விடும்.

அந்தத் தொண்டைதான் அவளைப் புலாசியோவின் கொட்டகைக்குள் இழுத்துப் போனது. பலகைச் சுவர், தகரக் கூரை, பத்து வரிசை பெஞ்சு, ஒரு பெரிய டி.வி., இரண்டு ஸ்பீக்கர். எங்கள் பக்கத்தில் படம் தானாகப் பேசினால் மட்டும் போதாது. மைக்கோடு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் நடப்பதை எல்லாம் எங்கள் பாஷையான லுகாண்டாவில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். அவருக்கு வி.ஜே. என்று பெயர். துப்பாக்கிப் படத்துக்கு வி.ஜே.க்கள் அடித்துக்கொண்டு வருவார்கள். ஞாயிறு மூன்று மணிக்குப் போடும் கார்ட்டூன் படம் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். முயலுக்கும் வாத்துக்கும் குரல் கொடுப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லையாம். கட்டாயத்துக்கு வந்த ஒருவன், “இது ஓடுது. அது அழுவுது” என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டான். கடைசி பெஞ்சில் மீந்த தட்டோடு உட்கார்ந்திருந்த நசங்காவுக்குப் பொறுக்கவில்லை. முயல் ஏன் ஓடுகிறது, யாரிடம் கைமாற்று வாங்கிவிட்டு ஓடுகிறது, அதன் மாமியார் என்ன சொன்னாள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லத் தொடங்கினாள். மொத்தக் கொட்டகையும் திரையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது. அடுத்த ஞாயிறு மைக் அவள் கையில் இருந்தது.

அதன்பின் ஆறு வருடம். கொட்டகைக்கென்று சில செல்லப் படங்கள் உண்டு. கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஆமை வழியெல்லாம் மாட்டிக்கொள்ளும் படத்தைப் பதினோரு தடவை போட்டார்கள். பதினோரு தடவையும் ஆமை வேறு வேறு காரணத்துக்காகத் தாமதமாகப் போனது. ஒரு தடவை பாலம் உடைந்திருந்தது, இன்னொரு தடவை லுகாயா சேர்மன் அதை நிறுத்தி வைத்துச் சொற்பொழிவு ஆற்றினார். சேர்மன் அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு வந்து, தன்னை மறுபடி எப்போது போடுவாள் என்று கேட்டார். ஊரில் தக்காளி விற்பவள் சூனியக்காரி ஆவாள், தையற்காரர் டிராகன் ஆவார். யாருக்கும் கோபம் வராது. தன்னை விட்டுவிட்டாளே என்றுதான் வருத்தம் வரும்.

எல்லாவற்றையும்விட அவள் வைக்கிற பெயர்தான் விசேஷம். எங்கள் பகாண்டா மக்களில் குலம் இல்லாதவர் கிடையாது. மீன், வெட்டுக்கிளி, குரங்கு, காளான், யானை என்று குலத்துக்கு ஒரு சின்னம். தன் குலச் சின்னத்தை ஒருவரும் தின்னமாட்டார்கள், தன் குலத்துக்குள் கட்டமாட்டார்கள். ஒரே குலம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. பெயரைக் கேட்டாலே குலம் தெரிந்துவிடும். நசங்கா படத்தில் வரும் மீனுக்கு மீன் குலப் பெயர் வைப்பாள், குரங்குக்குக் குரங்கு குலப் பெயர். உடனே அந்தந்தக் குலத்துப் பிள்ளைகள், எங்கள் சித்தப்பா வந்துவிட்டார் என்று பெஞ்சில் ஏறி நின்று கைதட்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே கால்பந்து வந்தது. புலாசியோ கூரைமேல் ஒரு டிஷ் வாங்கி மாட்டினார். ஞாயிறு நாலு மணிக்கு எங்கோ வெளிநாட்டில் விளையாடுவதைப் பார்க்க வாலிபப் பிள்ளைகள் மதியத்திலிருந்தே வந்து இடம் பிடித்தார்கள். புலாசியோ கெட்டவர் அல்ல, ஆனால் வியாபாரி. நசங்காவைக் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு ஞாயிறு தருகிறேன் என்றார். புதுப் படம் போடு, கொட்டகை நிறைந்து, ரகளை இல்லாமல் முடிந்தால் மூன்று மணி உன்னுடையது, இல்லாவிட்டால் பந்துக்குப் போய்விடும் என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டு வந்து, அன்று மாலை நான்கு பஸ்களை ஓடிப்போய்ப் பிடிக்காமல் விட்டாள். வாழைப்பழம் விற்றால் வயிறு நிறையும். ஆனால் ஜன்னலில் சிரித்தவர் யாரும் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதில்லை, பஸ் கிளம்பிவிடும். அவள் சொல்வதை முடியும்வரை உட்கார்ந்து கேட்கிற ஒரே இடம் அந்தக் கொட்டகைதான். அது போய்விடுமே என்று அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மசாக்காவில் ஒரு கடையில் புதுப் படம் கிடைத்தது. அட்டையில் இரண்டு யானைக் குட்டிகள். ஏதோ குளிர் நாட்டுப் பாஷை, இங்கிலீஷ்கூட இல்லை. அதனால் என்ன? சனிக்கிழமை கொட்டகையில் போட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு படத்தை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மழை தரையிலிருந்து மேலே போகிறது. கடிகாரம் முட்டை இடுகிறது. தொப்பி போட்ட காளான்கள் வரிசையாக நடந்து ஆபீசுக்குப் போகின்றன. நடுவில் அந்த இரண்டு யானைகளும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டு ஓயாமல் சண்டை. பாதிப் படத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை. பார்த்த மட்டும் போதும் என்று எழுந்தாள். இப்படிச் சண்டை போடுகிறவர்கள் கூடப்பிறந்தவர்களாகத்தான் இருக்க முடியும் என்று முடிவு கட்டினாள்.

ஞாயிறு கொட்டகையில் ஈ நுழைய இடமில்லை. பின்வரிசை முழுக்கப் பந்துக் கோஷ்டி. முன்பெஞ்சில் அவளுடைய தாய்மாமன் எரியாசி, இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியில். சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர். யானைக் குலத்தின் லுகாயா கணக்கு வழக்கெல்லாம் அவர் வாயில்தான். யார் யாரைக் கட்டலாம், யார் கட்டக்கூடாது என்று நாலு ஊர் ஆட்கள் அவரிடம் வந்து கேட்டுப் போவார்கள். கார்ட்டூன் என்றால் குழந்தைச் சமாசாரம் என்று ஆறு வருடம் எட்டிப் பார்க்காதவர், இதுதான் கடைசியாக இருக்கலாம் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். மாமனைப் பார்த்ததும் நசங்காவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. யானைகள் அவள் குலம். ஆண் யானைக்குச் செசங்கா என்று தன் குலத்து ஆண் பெயரை வைத்தாள். பெண் யானைக்குத் தன் பெயரையே வைத்துவிட்டாள். “அண்ணனும் தங்கச்சியும் கிளம்பிட்டாங்க, ஊர் தாங்குமா பாருங்க” என்று மைக்கில் சொன்னாள். மாமன் மீசைக்குள் சிரித்தார்.

முதல் பாதி அமோகம். மேலே போகிற மழைக்கு, தண்ணீர் வரி கட்டாதவர்கள் வீட்டு மழை திருப்பி எடுக்கப்படுகிறது என்று சொன்னாள். முட்டை இடும் கடிகாரத்தைச் சேர்மன் வீட்டுக் கடிகாரம் ஆக்கினாள். பந்துக் கோஷ்டிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டது. புலாசியோ கதவோரம் நின்று தலைகளை எண்ணிவிட்டு, எண்ணுவதை மறந்து படம் பார்த்தார்.

இரண்டாவது பாதியில் யானைகள் சண்டையை நிறுத்தின. ஒன்றை ஒன்று பார்த்தன. பார்த்துக்கொண்டே இருந்தன. நசங்கா அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். “தங்கச்சி கண்ணுல தூசி விழுந்துருச்சு, அண்ணன் எடுத்து விடுறான்” என்றாள். தூசி எடுத்த தும்பிக்கை பூ நீட்டியது. தங்கச்சிக்குப் பரீட்சையில் பாஸ் என்றாள். பிறகு நிலா வந்தது, தும்பிக்கையும் தும்பிக்கையும் பின்னிக்கொண்டன, பெண் யானை தலையில் வெள்ளை முக்காடு ஏறியது, மணி அடித்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக மைக்கில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பெண் தெளிவாகக் கேட்டது: “அவங்க அண்ணன் தங்கச்சி இல்லையா?”

அவ்வளவுதான். பெண்கள் வாயில் கைவைத்தார்கள். பின்னால் விசில் பறந்தது, பந்தைப் போடு என்று குரல் வந்தது. புலாசியோவின் கை ரிமோட்டுக்குப் போனது. எல்லாவற்றுக்கும் மேலே, எரியாசி மாமன் எழுந்து நின்றார்.

“நிறுத்தும்மா,” என்றார். “படமா இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் நம்ம பேரு. நம்ம பேர்ல இந்த அசிங்கம் வேண்டாம்.”

நசங்கா திரையைப் பார்த்தாள். கல்யாணக் கூட்டத்தில் முதல் வரிசையில், தொப்பி போட்ட ஒரு பெரிய காளான் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது. ஏன் அழுகிறது என்று அதை வரைந்தவனுக்குத்தான் வெளிச்சம். அவள் வாய் தானாகத் திறந்தது.

“மாமா, உக்காருங்க. குலம் யாரு வழி?”

“அப்பன் வழி. இது என்ன கேள்வி?”

“அப்ப அந்த முன்வரிசையில அழுவுறவரைப் பாருங்க. அவர்தான் பொண்ணோட அப்பா. உடம்பு அம்மா குடுத்த யானை. குலம் அப்பா குடுத்த காளான்.”

கொட்டகை ஒரு நொடி யோசித்தது. பிறகு தகரக் கூரை அதிரச் சிரித்தது. மாமன் மட்டும் சிரிக்கவில்லை. காளான் பெண் என்றால் யானைப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், சத்தமாகச் சொல்வதில்லை. நசங்காவின் அப்பா யாரென்று வந்து நின்ற ஆள் கிடையாது. பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்க அப்பன் வீட்டார் வரவேண்டும். வரவில்லை. ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, பிள்ளை பெயர் இல்லாமல் வளரக்கூடாது என்று எரியாசிதான் தன் குலத்துப் பெயரைத் தூக்கிக் கொடுத்தார். நசங்கா மைக்கை வாயோரம் இழுத்துக்கொண்டாள்.

“மாமன் குடுத்த பேரு அது,” என்றாள். “அப்பன் வரல. மாமன்தான் தூக்கி வளத்தார், பேரும் வெச்சார். கல்யாணம்னு வந்ததும், முறை தப்பக்கூடாதுன்னு நாலு ஊர் அலைஞ்சு அப்பனைத் தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்கார வெச்சதும் மாமன்தான். அதான் அந்தக் காளான் அழுவுது. வெக்கத்துல அழுவுது.”

எரியாசி மூக்கை அங்கியில் துடைத்துக்கொண்டு, “அப்ப முறைதான்,” என்று உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு யார் யாரைப் பிடிப்பது? புலாசியோ காளான் குலம். விருந்தில்கூடக் காளான் குழம்பைத் தொடமாட்டார், ஊருக்கே தெரியும். அந்த நொடியில் அது தன் நினைவிலேயே இல்லை என்று நசங்கா இன்றும் சத்தியம் செய்கிறாள், ஒருவரும் நம்புவதில்லை. யாரோ அவரைப் பிடித்து, பெண்ணுக்கு அப்பன் வீட்டார் நீங்கள்தானே என்று முன்னால் தள்ளினார்கள். தக்காளிக்காரியும் காளான் குலம், அவள் அத்தையாக எழுந்து இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டினாள். கொட்டகை நடுவில் இரண்டாகப் பிரிந்தது, இந்தப் பக்கம் பெண் வீடு, அந்தப் பக்கம் பிள்ளை வீடு. பிள்ளை வீட்டுக்கு ஆள் போதவில்லை என்று பந்துக் கோஷ்டியே மாப்பிள்ளைத் தோழர்களாகச் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பெரிய காது, அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பானா என்று அத்தை கேட்டாள். எங்கள் பையன் கேட்பான், ஆனால் வெளியே சொல்லமாட்டான் என்றார்கள் தோழர்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீடு தரவேண்டிய சீர் எங்கே என்றதும் பையன்கள் நசங்காவின் தட்டைத் தூக்கி வந்து புலாசியோவின் காலடியில் வைத்தார்கள், சோடா வந்தது, அன்னாசி வந்தது, பெண்ணின் அண்ணன் தம்பிக்கு மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய சேவல், நிஜச் சேவலாகவே ஒன்று, யார் வீட்டிலிருந்தோ வந்தது. படம் தானாக ஓடி முடிந்து திரை நீலமானதை யாரும் கவனிக்கவில்லை. நாலு மணி ஆட்டம் பாதி கடந்திருந்தது, அதையும் யாரும் கேட்கவில்லை. நசங்கா எல்லோருக்கும் சேர்த்து மைக்கில் பேசிப் பேசித் தொண்டை கட்டி, சிரித்துச் சிரித்து விலா வலித்து, சந்தோஷம் தாங்காமல் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்தபின் புலாசியோ அவளிடம் வந்தார். சேவலை இடுக்கிக்கொண்டிருந்தார். கல்யாண அப்பா வேடத்திலிருந்து இன்னும் இறங்கியிருக்கவில்லை.

“நீ சொன்னது எனக்கு மனசைப் பிசைஞ்சிருச்சு,” என்றார். “உனக்கும் அப்பன் வழிப் பேரு வேணுமில்ல. எங்க குலப் பெரியவங்ககிட்ட நான் பேசுறேன். காளான்னு சொல்லிக்கோ, ஒருத்தன் கேட்கமாட்டான்.”

வாசலில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்த எரியாசியின் கை நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“வேண்டாம் செபோ,” என்றாள் நசங்கா. “படத்துல இருக்கறவதான் காளான். என்னை வளத்தது யானை. நான் யானையாவே இருந்துட்டுப் போறேன். நீங்க ஞாயித்துக்கிழமையை மட்டும் குடுங்க.”