மணிக்கூடு இல்லாத வள்ளம்

நேற்று ஒரு கலியாண வீட்டுப் பந்தலில் பச்சைத் தென்னோலைக் கிடுகின் மணம் மூக்கில் ஏறியதும், நாயாற்றங்கரையில் நான் ஏழாம் வகுப்புப் படித்த ஓலைக் கொட்டிலும், அதன் அரைச்சுவருக்கு மேலால் நாள் முழுக்கக் கேட்ட கடல் இரைச்சலும், அந்த இரைச்சலுக்குள் ஒரு வள்ளத்தின் சத்தத்தை நான் தேடிய ஒரு காலையும் நினைவுக்கு வந்தன.

என் தகப்பனார், ஐயா, மீன்பிடிக்கப் போய் இரண்டு நாளாகியும் வள்ளம் திரும்பவில்லை. கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பூமிசாஸ்திரம் படிப்பித்த ரீச்சர் அன்றைக்குப் பார்த்து, சூரியன் உதிக்கிற நேரமும் படுகிற நேரமும் தெரிந்தால் நாங்கள் நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றார். பகலின் நீளம் வடக்குத் தெற்கையும், நடுப்பகல் வருகிற நேரம் கிழக்கு மேற்கையும் காட்டுமாம். மற்றப் பிள்ளைகள் கொப்பியில் கணக்கை எழுத, ஐயாவின் வள்ளத்தில் மணிக்கூடு இல்லையே என்று நான் எழும்பி நின்றேன்.

"மணிக்கூடு இல்லாட்டி, ரீச்சர்?"

"இல்லாட்டி ஏலாது, பிள்ளை."

சொன்ன பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். பாடம் முடியும்வரை நான் இருந்த வாங்குப் பலகையிலேயே, என் கையைப் பிடித்தபடி இருந்து படிப்பித்தார்.

அடுத்த நாள் மத்தியானம் ஐயா பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒரு லொறியில் வந்து இறங்கினார். அம்மா அழுதழுது சோறு போட்டார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"கடலில எங்க நிக்கிறியள் எண்டு எப்பிடி ஐயா தெரிஞ்சது?"

"தெரியேல்லை. நீரோட்டம் வடக்கால இழுத்துக்கொண்டு போச்சுது. கரை தட்டின பிறகு அங்க நிண்ட ஆக்களைக் கேட்டுத்தான் அறிஞ்சனான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு, அவர் கடலில் நின்ற எந்த நாளிலும் எனக்குப் பாடம் காதில் ஏறவில்லை.