சனிக்கிழமைக் கூட்டம்

லிஜின் பத்து வருடமாக நாகர்கோவிலில் வெப் டெவலப்பர். நகைக்கடை, திருமண மண்டபம், ரப்பர் நாற்றுப்பண்ணை என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுத்தான். எல்லாவற்றிலும் அதே 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. தட்டச்சு செய்யும்போதே அவனுக்குக் குமட்டும்.

ஆசைப்பட்டுத் தனக்கென்று செய்தது ஒன்றுதான். குளம் குளமாக அலைந்து பறவைகளைப் படமெடுத்து, எது எந்தக் குளத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கும் சைட். சனிக்கிழமைதோறும் அதில் கூட்டம் அலைமோதியது. பறவைப் பிரியர்கள் பெருகிவிட்டார்கள் என்று மகிழ்ந்து, குளத்துக்கு வழிகாட்டும் வசதியையும் சேர்த்தான்.

ஒரு ஞாயிறு மதியம் அக்காள் வீட்டில் கறிச்சோறு. இரண்டாவது துண்டை மெல்லும்போது அத்தான் ஜெனிஷ் சிரித்தார்.

"வாத்துன்னா நெனச்ச? நீர்க்கோழியாக்கும் மக்கா. நம்ம பயலுவ உன் சைட்டப் பாத்துத்தான் வலை வைக்கானுவ."

லிஜின் முற்றத்துக்கு ஓடிக் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தான். வாயைக்கூடத் துடைக்காமல், சைட்டை அழிக்கப் போனை எடுத்தான்.

பின்னாலேயே வந்த அத்தான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"நிறுத்திராத, என்ன? கிறிஸ்மஸ் வருதுல்லா."