நைனாவின் காலுக்கு ஒரு சுத்தியல்

பள்ளிப்பட்டுச் சாலையின் ஒரு வளைவில்தான் அது எனக்கு உறைத்தது. நைனா, அதாவது என் அப்பா, ஓட்டும் தனியார் பேருந்தில் அவர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். குறுக்கே ஒரு டிராக்டர் திரும்பியது. நைனா பிரேக் போட்டார். போடுவதற்கு முன் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஒரு கணம்தான். இத்தனை வருடம் ஓட்டியவருக்குப் பாதம் எங்கே இருக்கிறது என்று கண் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வேறு. சர்க்கரை நோய் கால் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியை மழுக்கிவிடும் என்ற பாடத்தை, நான் படிக்கும் மருத்துவக் கல்லூரியில் அப்போதுதான் நடத்தி முடித்திருந்தார்கள். மீதி வழி முழுக்க அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னேன். கல்லூரியில் சேர்ந்ததும் எல்லோரும் வாங்குகிற, முக்கோண ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தியல்தான் என்னிடம் இருந்தது. குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாரில் தட்டினால் பாதம் தானாகக் கீழே அழுந்த வேண்டும். நரம்பு கெட்டிருந்தால் பெரும்பாலும் அழுந்தாது. நைனாவின் பாதம் அழுந்தியது. அப்பாடா என்றிருந்தது. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ஓங்கிய கையை, ஏனோ பாதியில் நிறுத்தினேன். அப்போதும் பாதம் அழுந்தியது. சுத்தியல் காலைத் தொடவே இல்லை.

"நைனா, நீயாதானே அழுத்தற?"

"பின்ன? நீ ஓங்கறத பாத்துகினு சும்மா இருப்பனா? காலு தானா பிரேக்குக்குப் போவுது."

லைசென்ஸ் வாங்கப் போனபோதும் அதிகாரி சொல்வதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் செய்து காட்டியவர்தான் என்றாள் அம்மா. காலைத் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சினேன். கிளட்சில் வைத்ததுபோல் விறைத்தே இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், முதலாளி காதுக்குப் போய்விடும் என்றார். அன்றைய நடையோடு வண்டி எஃப்.சி.க்கு, அதாவது ஓடத் தகுதியானது என்ற சான்றிதழுக்கு, போய்விட்டது; திங்கட்கிழமை வந்துவிடும், அவரும் ஓட்டப் போய்விடுவார்.

"வண்டிக்கு எஃப்.சி.ன்னா எனக்கும் எஃப்.சி.யா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "காலு சரியில்லன்னு நீ காட்டும்மா, நானே எறங்கிக்கறேன். சும்மா பயமுறுத்திகினு இருக்காத."

மறுநாளே ரயிலேறிச் சென்னையில் மருத்துவக் கருவிகள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் ஸ்டூலில் உட்கார்ந்து என் காலிலேயே தட்டிப் பார்த்தேன். என்னுடையது போன்ற லேசான சுத்தியலுக்கு வேகம் கொடுக்க மணிக்கட்டைச் சுண்டி அடிக்க வேண்டும். அந்த அசைவே நைனாவை எச்சரித்துவிடும். எஃகுக் கைப்பிடி போட்டது பார்க்க ராஜா மாதிரி இருந்தது, ஆனால் ஜில்லென்ற அதைக் கண்டாலே இன்னும் விறைத்துக்கொள்வார். கடைசியில் நீளமான, லேசாக வளைகிற கைப்பிடியின் நுனியில் ரப்பர் விளிம்புள்ள கனத்த வட்டு வைத்த ஒன்று. தூக்கி விட்டால் போதும், தன் கனத்தில் தானே விழுகிறது. என் பாதம் துள்ளியது. இதுதான் என்றேன்.

திரும்பும் ரயில் அரக்கோணம் தாண்டும்போது அதைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இதுவரை சோதனை சரியில்லை என்று குறை சொல்ல அந்தச் சின்னச் சுத்தியல் இருந்தது. இனி அந்தச் சாக்கு இல்லை. நான் கண்டுபிடிக்கப் போவது நோயையா, அல்லது அவர் வேலையைப் பிடுங்கும் காரணத்தையா?

இன்று அம்மாவிடம் பழகிப் பார்த்தேன். அவள் பாதம் துள்ளியது. "அவருக்கு வரலன்னா?" என்றாள். வராவிட்டால் டாக்டர், பரிசோதனைகள், அதுவரை வண்டி கிடையாது. வந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கண்ணால் காலைத் தேடியதை நான் பார்த்திருக்கிறேனே. அவளிடம், "இன்னொரு காலைக் காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

நாளை ஞாயிறு. நைனாவை நாற்காலியில் சுவரைப் பார்த்து மண்டியிட வைக்கப் போகிறேன். பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்கும். நான் ஓங்குவது தெரியாது. திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரை ஒரு நிறுத்தம் விடாமல் சொல்லச் சொல்வேன்; மனம் சாலையில் போனால் கால் தளரும். பாதி வழியில், அவர் பொதட்டூர்பேட்டை என்று சொல்லும்போது சுத்தியலை விடுவேன்.