இரண்டு டீமும் வராத இறுதிப் போட்டி

சுரங்கத்தில் ஆட்களுக்கு ஷிப்ட் போடுவது என் வேலை. அதில் ஒரே தர்மம்தான்: கஷ்டம் எல்லோருக்கும் சமமாக விழ வேண்டும். இந்த வாரம் உனக்கு நைட் என்றால் அடுத்த வாரம் அவனுக்கு. அந்தப் பெருமையில், டவுன்ஷிப் சிறுவர்களின் கால்பந்துப் போட்டிக்கு அட்டவணை போடும் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சுற்றுக் கிராமத்துப் பையன்களும் ஆட வருவார்கள். இறுதிப் போட்டியில் எங்கள் டவுன்ஷிப் பிளாக்கும் காடாம்புலியூரும். ஞாயிறு காலை என்று போட்டேன். மறுநாளே அந்த ஊர் வாத்தியார் சைக்கிளில் வந்து நின்றார்.

“ஏங்க, உங்க புள்ளைங்களுக்கு மூஞ்சி கழுவிகினு வெளிய வந்தா கிரவுண்டு. எங்க புள்ளைங்க பஸ்ல தொங்கிகினு, பாதி தூரம் நடந்துகினு வருதுங்க. வந்ததும் ஆடுன்னா, இது நாயமாங்க?”

நியாயமில்லைதான். ஆனால் மாலைக்கு மாற்றினால் இரண்டாம் ஷிப்ட் அப்பாக்கள் என்மேல் பாய்வார்கள். யாராவது நியாயம் கேட்டால் எனக்கு மூளை நின்றுவிடும்; வாய் மட்டும் ஓடும்.

“அப்படின்னா எங்க பசங்களும் மொத பஸ்ல உங்க ஊருக்கு வரட்டும். அங்கேருந்து ரெண்டு டீமும் ஒண்ணா வரட்டும். கஷ்டம் சமம்!”

வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நெசமாத்தான் சொல்றீங்களா?”

நிஜமாகவே அனுப்பிவிட்டேன்.

ஞாயிறன்று மைதானம் நிறைந்திருந்தது. அப்பாக்கள் காக்கி உடுப்பில், சாப்பாட்டுத் தூக்கோடு, ஆட்டம் பார்த்துவிட்டு அப்படியே ஷிப்டுக்குப் போகத் தயாராக இருந்தார்கள். பையன்கள் மட்டும் இல்லை. வெயில் ஏறியது. காடாம்புலியூர் வழியே வரும் பண்ருட்டி பஸ் ஒன்று நிற்காமலேயே போனது. படியில் தொங்கியவர்களில் ஒருவனும் நம் பையன் இல்லை.

ஒரு டீம் வராவிட்டால் மற்றதற்கு வெற்றி என்று விதி எழுதியிருந்தேன். இரண்டும் வராவிட்டால்?

“வே, கப்பை யாருக்குக் குடுப்பீரு? நீரே எடுத்துக்கிடுவீரோ?” என்றார் எங்கள் கோல்கீப்பரின் அப்பா, திருநெல்வேலிக்காரர். “அது கெடக்கட்டும், ஷிப்ட் சங்கு ஊதுறதுக்குள்ள எம் பயலைக் கண்ணுல காட்டும்!”

பஸ் நிறுத்தத்துக்கும் மைதானத்துக்குமாக ஓடினேன். இரண்டு டீமைத் தொலைத்தவன் என்று ஊர் சொல்லுமே! எங்கள் பிளாக் வரைக்கும் தேடி ஓடியபோது என் மனைவி வாசலில் மறித்தாள்.

“தேடுறது இருக்கட்டும். அந்தக் கப்பை ஏன் தூக்கிக்கினு ஓடுறீங்க?”

அப்போதுதான் கையைப் பார்த்தேன்.

மைதானத்துக்குத் திரும்பினால், பலாப்பழ லாரி ஒன்று வந்து நின்றிருந்தது. பழங்களின் மேல் இரண்டு டீமும் கலந்து உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. வாத்தியார் முன்சீட்டிலிருந்து இறங்கினார்.

“பஸ்ஸுல ஏத்தல. அதான் லாரி. ஊரு தேடி வந்த புள்ளைங்களை வெறும் வயித்தோட அனுப்ப முடியுங்களா? ஆளுக்கொரு வூட்ல சாப்ட்டாங்க. அப்புறம் பலாத் தோப்புல வேற...”

ஆட்டம் தொடங்கியது. அதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் முன்வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அவர்களுடையது ஏப்பம் விட்டுக்கொண்டு பின்தொடர்ந்தது. பந்து இரண்டு கோலுக்கும் போகாமல் நடுவிலேயே இளைப்பாறியது. இவ்வளவு சமமான ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. கோல் விழாமலே சங்கு ஊதியது. கப்பின் ஒரு காதை அவர்கள் பிடிக்க, மறு காதை இவர்கள் பிடித்தார்கள்.

திருநெல்வேலிக்காரர் கை நிறையப் பலாச்சுளையோடு ஷிப்ட் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“வே! இனிமே எங்களுக்கு ஷிப்டையும் இப்படியே போடும்!”