பொரி போடக் கற்ற கை

ஐந்து வயது வரை எனக்கு இரண்டு கைகள் இருந்தன என்பதற்குப் பார்த்தவர்கள்தான் சாட்சி. உபயோகித்த ஞாபகம் எனக்கு இல்லை.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அது பிற்பாடு, முறைப்படி படித்துப் பட்டம் வாங்கிய பிறகு வந்தது. அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தமக்கையான அத்தை, என் அக்கா. அக்காவுக்குப் பிறகு பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் தங்கவில்லை. அதற்கப்புறம் வந்த நான் தங்கிவிட்டேன். இதுவரை நான் செய்த சாதனைகளில் வீட்டார் மனப்பூர்வமாக மெச்சியது அது ஒன்றைத்தான்.

அதற்குப் பரிசாக என் கைகளுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்தார்கள். காலையில் அம்மா ஊட்டினாள். மத்தியானம் அத்தை ஊட்டினாள். சாயங்காலம் அக்கா ஊட்டினாள். சட்டை போட நான் கையை நீட்டக்கூட வேண்டாம். யாராவது அதை எடுத்து, பார்சல் மாதிரி, சட்டைக்குள் அனுப்பி வைப்பார்கள். மூக்கு அரித்தால் சொன்னால் போதும்.

குழந்தைகளின் கை எப்படிப் பழகுகிறது என்பது பற்றி இப்போது புத்தகங்கள் வருகின்றன. வாங்கிப் படிக்கிறேன். முதலில் உள்ளங்கை முழுவதாலும் பொத்திப் பிடிக்குமாம். பிறகு விரல்களால் பற்றுமாம். கடைசியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சந்தித்து ஒரு கடுகைக்கூடப் பொறுக்கிவிடுமாம். இதெல்லாம் பேச்சு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டுமாம். படிக்கப் படிக்க, யாரோ என் மேல் புகார் எழுதி அச்சுப் போட்டிருப்பதுபோல் இருக்கிறது.

புகார் வெளியே வந்தது அக்காவின் கல்யாணத்தினால். தீபாவளி முடிந்த கையோடு வரன் நிச்சயமாகித் தையில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். ஏற்பாடுகளைப் பேச எங்கள் வீட்டு வாத்தியார் வந்தார். அதாவது பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. வைதிக காரியங்கள் பண்ணிவைக்கிறவர். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரியப்பாவும் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைவிட ஒரு வயது மூத்த பையன். பம்பரத்தைச் சுழற்றி உள்ளங்கையில் ஏந்துவான். தன் வேஷ்டியைத் தானே கட்டிக்கொள்வான். அதைவிட அக்கிரமம், அது இடுப்பிலேயே நிற்கும்.

"பொரியிடப் பொண்ணோட சகோதரன் இருக்கானோல்லியோ?" என்று கேட்டார் வாத்தியார்.

"இதோ இருக்கானே, சிங்கக்குட்டி!" என்றாள் அத்தை.

மணப்பெண் இரண்டு கையையும் குவித்து நிற்பாள். அவள் சகோதரன் பொரியை அள்ளி அதில் போட வேண்டும். மாப்பிள்ளை அவள் கையைத் தாங்கிப் பிடித்து அந்தப் பொரியை ஹோமத்தீயில் சேர்ப்பார். இப்படி மூன்று தடவை. கல்யாணத்தில் ஒரு பொடிப் பையனைப் பெரியவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

"எங்கே, கொழந்தே, இப்படி அள்ளி மாமா கையில போடு, பார்க்கலாம்" என்று வாத்தியார் தட்டிலிருந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

அரிசியோடு ஒரு கை என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். என் அனுபவத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாயை நன்றாகத் திறந்தேன்.

முதலில் சிரித்தவன் சிந்தாதிரிப்பேட்டைக்காரன்.

"இன்னாடா, ஓமத்துலயும் ஒனக்கு ஊட்டி வுடணுமா?"

"இந்தப் பேச்செல்லாம் எங்கேடா கத்துண்டே?" என்று அத்தை அவன் மேல் பாய்ந்தாள். பேச்சுதான் மோசமே தவிர விஷயம் சரி என்பதால் அதற்கு மேல் பாய முடியவில்லை.

"பாதகமில்லை" என்றார் வாத்தியார். "பெரியப்பா பிள்ளையும் சகோதரன்தான். சாஸ்திரம் இடம் கொடுக்கறது."

"அப்போ அவனே போடட்டும்" என்று அப்பா மறுபடி பத்திரிகையைப் பிரித்தார். என் சம்பந்தமான தீர்ப்புகளை அவர் எப்போதும் சுருக்கமாகவே சொல்வார்.

அந்தக் காலத்தில் கல்யாணப் பெண் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. அக்கா உள்நிலைப்படியில் நின்றபடி பேசினாள்.

"என் கையில என் தம்பிதான் போடணும்."

"அவனுக்குத்தான் கை வரலையேடி" என்றாள் அம்மா.

"வரும்."

வாத்தியார் அவளை ஒரு தரம் பார்த்தார். "சரி. தை பொறக்கட்டும். கை வந்தா இவன். வராட்டா அவன் இருக்கவே இருக்கான்."

நான் அழுதேன். அக்கா பக்கத்தில், எல்லார் முன்னிலையிலும், பட்டு வேஷ்டியோடு அந்தப் பம்பரக்காரன் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அத்தை சமாதானமாக ஒரு கல்கண்டு கொடுத்தாள். கையில் இல்லை, வாயில்.

அடுத்து அக்கா செய்த சூழ்ச்சியை இன்று யோசித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. எங்கள் வீட்டில் மடி என்றால் விளையாட்டில்லை. குளித்துவிட்டு, யார் கையும் படாமல் தனியாக உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்பண்டை போனால், வேலை முடிகிற வரை யாரையும் எதையும் தொடக் கூடாது. ஆனால் அத்தை மடியாக இருந்தால் அம்மா சும்மா இருப்பாள். அம்மா மடி என்றால் அக்கா இருப்பாள். எனக்கு ஊட்ட எப்போதும் ஒரு கை மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில்தான் அக்கா கைவைத்தாள்.

"அத்தை, மாப்பிள்ளையாத்துல ஆசாரம் ஜாஸ்தியாம். கல்யாண அப்பளம், பட்சணம் எல்லாத்தையும் நாம மூணு பேருமே மடியாப் பண்ணிட்டா என்ன?"

"பார்த்தியா, பொண்ணுக்கு இப்பவே எத்தனை பொறுப்பு!" என்று அத்தை பூரித்துப்போனாள்.

குழந்தையின் துணியைக் கழற்றிவிட்டால் மடியோடும் அதைத் தொடலாம் என்று ஒரு சலுகை உண்டு. அக்கா அதையும் மறக்கவில்லை. குளிக்கப் போவதற்கு முன்பே எனக்குச் சட்டையை மாட்டி, மேலிருந்து கீழ் வரை எல்லாப் பித்தானையும் போட்டுவிட்டாள். அவிழ்க்க எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்னைத் தொடக் கூடாது.

முதல் நாள் காலை. கூடத்தில் என் முன்னால் தயிர்சாதத் தட்டு. தாழ்வாரத்தில், கண்ணுக்கெட்டிய தூரத்தில், மூன்று பெண்கள் அப்பளம் இடுகிறார்கள். வழக்கப்படி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை.

"அம்மா, பசிக்கறது."

"இதோ வரேண்டா, கண்ணா" என்று அத்தை மாவுக் கையோடு பாதி எழுந்துவிட்டாள்.

"அத்தை! மடி!" என்றாள் அக்கா.

அத்தை உட்கார்ந்தாள். "கொழந்தை மொகம் வாடறதேடி."

"தட்டுல சாதம் இருக்கு. கை அவன்கிட்டயே இருக்கு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஒரே அப்பளத்தைக் கிழிகிற வரை தேய்த்தாள்.

பசி பொல்லாதது. நான் முதன்முதலாகத் தட்டில் கையை வைத்தேன். ஒரு பிடி பிடித்தேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ அவ்வளவு தயிர்சாதம் விரலிடுக்கு வழியாக வெளியேறியது. மிஞ்சியதை வாய்க்கு அனுப்பினேன். கன்னத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்தது காதுக்கு. வாய் முகத்தின் மத்தியில்தான் இருக்கிறது என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கோர்ட்டுக்குப் புறப்பட்ட அப்பா வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

"இது என்ன, சுவத்துக்கும் சேர்த்து ஊட்டறானா?"

ஆனாலும் நாலு பருக்கை உள்ளே போயிற்று. மறுநாள் கொஞ்சம் கூட. சில நாட்களில் பிடிப்பதை விட்டு விரல்களால் கூட்டி எடுக்க வந்தது. பிறகு ஒரு நாள், விரல்களில் ஏந்திய சோற்றைக் கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளினால் அது நேராக வாய்க்குள் போகிறது என்பதை நானே கண்டுபிடித்தேன். மனித குலம் இதை முன்பே கண்டுபிடித்துவிட்ட செய்தி எனக்குக் காலதாமதமாகத்தான் வந்தது.

அக்கா அதோடு விடவில்லை. தாழ்வாரத்திலிருந்தபடியே ஒரு துண்டு அப்பள மாவை என் தட்டில் விட்டெறிவாள். "கோலி மாதிரி உருட்டு. உருண்டையா வந்தாத்தான் திங்கலாம்." அந்தப் பச்சை மாவின் ருசி தெரிந்தவர்களுக்கு நான் ஏன் உயிரைக் கொடுத்து உருட்டினேன் என்று விளக்க வேண்டியதில்லை. என் முதல் கோலிகளுக்கு மூலைகள் இருந்தன. கார்த்திகைக்குப் பொரி வாங்கியபோது வெல்லப்பாகில் சேர்க்காமல் ஒரு படியை எடுத்துவைத்து, தினமும் கொஞ்சம் தரையில் தூவினாள். ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அழுத்தினால் நொறுங்கும். அழுத்தாவிட்டால் மூச்சுக்காற்றிலேயே பறக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது. அதை வாயால் சொல்லித்தர முடியாது, விரலுக்கே ஒரு நாள் தெரிந்துவிடும். பிற்காலத்தில் சிலேட்டுக் குச்சியையும் பேனாவையும் அந்தப் பிடியில்தான் பிடித்தேன். அந்தப் பேனாவை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் சாப்பிடுகிறேன். என் எழுத்தைப் பற்றிக் குறை சொல்ல வருகிறவர்கள் அக்காவிடம் போக வேண்டாம். அவள் விரல்களுக்கு மட்டும்தான் பொறுப்பு.

மிஞ்சியது கையைக் குவிப்பது. ஒரு கையால் எடுப்பதைவிட இரண்டு கையையும் ஒட்டவைத்து இடுக்கில்லாமல் ஏந்துவது கஷ்டம். கிணற்றடித் தொட்டியிலிருந்து தண்ணீரை ஏந்திப் போய்ப் பவழமல்லிச் செடிக்கு ஊற்றச் சொன்னாள். "ஜலம் நின்னா பொரி நிக்கும்." மார்கழி முழுவதும் முழங்கைவரை நனைந்தேன். செடிக்கு என்னால் ஒரு லாபமும் இல்லை. இதற்கிடையில் பெரியப்பா பிள்ளை ஒரு தரம் வந்து வேடிக்கை பார்த்தான்.

"இன்னும் ஓட்டைக் கையாத்தான் கீது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் கையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீரை ஏந்திச் செடிக்கு ஊற்றிக் காட்டினான். அந்தச் செடி பிழைத்தது அவனால்.

தை பிறந்தது. வாத்தியார் வந்தார். கையை நீட்டினார். அரிசியை இரண்டு கையாலும் அள்ளி அவர் கையில் போட்டேன். முக்கால்வாசி சேர்ந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போறும்" என்றார் வாத்தியார். "மீதியை அக்னி பகவான் கணக்குப் பார்க்க மாட்டார். எதுக்கும் பெரியவன் பின்னாலேயே நிக்கட்டும்."

ஆகவே கல்யாணத்தன்று, எங்கள் சந்தின் குறுக்கே போட்ட பந்தலில், எனக்குப் பின்னால் அவனும் பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு நின்றான். நான் விழுந்தால் தாண்டிப் போகத் தயாராக. ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. அக்காவின் குவித்த கையில் நெய் தடவியிருந்தார்கள். மாப்பிள்ளை அவள் கையைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டார். முதல் தடவை அள்ளிப் போட்டேன். கொஞ்சம் சிதறியது.

"மச்சினன் பூமாதேவிக்கும் ஒரு பங்கு குடுத்துட்டான்" என்றாள் சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் தடவை சிந்தவில்லை. சிரிப்பும் வரவில்லை. மூன்றாம் தடவை நிறைய அள்ளினேன். சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் பொரி உதிர்ந்துகொண்டே இருந்தது.

"போச்சுடா!" என்று பின்னாலிருந்து அவன் முணுமுணுத்தான்.

என் கையைப் பார்த்தேன். அது காலியாக, சேர்ந்தபடியே இருந்தது. அக்காவின் கைதான் ஓட்டைக் கையாகியிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றன; இடுக்கு வழியாகப் பொரி விழுந்தது. அவள் அழவில்லை. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் மாம்பலத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்கு, தெரியாத மனுஷர்களிடம் அவள் போக வேண்டியிருந்தது. அது அவள் கைக்கு மட்டும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் இரண்டு கையையும் நீட்டி, நெய் வழுக்கும் அந்த விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, வெளியிலிருந்து பொத்திப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் கை அகப்பட்டதா, நான் அவர் கையில் அகப்பட்டேனா என்று தெரியவில்லை. வாத்தியார் மந்திரத்தை ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகு சாஸ்திரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்பதுபோல் மேலே சொல்லிக்கொண்டு போனார். மூன்று பேர் கையுமாகப் பொரியைத் தீயில் கவிழ்த்தோம். அது படபடவென்று எரிந்தது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. ஆனால் பொரி முழுவதும் விழுந்த பிறகும் என் சுண்டுவிரலை அவள் உடனே விடவில்லை.