மஞ்சளாக மாறிய பெண் மீன்

1986 டிசம்பர் 3, காலை ஆறு இருபது. காரைக்காலில் விடாத அடைமழை. என் மீன் தொட்டியில் இருந்த குள்ள சிக்லிட் வகை ஜோடியில் பெண் மீன் உடம்பெல்லாம் மஞ்சளாகி, தன்னைவிடப் பெரிய ஆணை மூலைக்கு மூலை விரட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஜோடி அது. குஞ்சு பொரிக்குமென்று ஏழு மாதமாகக் காத்திருந்தேன்.

நான் கோர்ட்டில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். சண்டை என்றால் பிரித்து வைக்கத்தான் தெரியும். மஞ்சளைக் காமாலை என்று வேறு நினைத்து, பெண்ணை வலையில் பிடித்து உப்புத் தண்ணீர் வாளியில் விட்டேன்.

மதியம் பார்த்தால், தொட்டியில் மீன் ஒளிய ஓட்டை போட்டுக் கவிழ்த்திருந்த கொட்டாங்கச்சிக்குள் ஆண் புகுந்து எதையோ கொத்தித் தின்றுகொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். உட்புறம் ஒட்டியிருந்தவை முட்டைகள், மிச்சம் ஒன்பது. அவற்றைக் காவல் காக்கத்தான் தாய் மீன் நிறம் மாறி விரட்டியிருக்கிறது.

"புள்ள பெத்தவளத் தூக்கி வாளியில போட்டுட்டு, அடிவாங்குனவனுக்குப் பாவம் பாத்தீங்களாக்கும்! மீனுக்காச்சும் வழக்குத் தீக்காம இருங்க" என்றாள் என் மனைவி.

பதறிப்போய்ப் பெண்ணைத் திரும்ப விட்டேன். பயனில்லை. மறுநாள் ஒரு முட்டைகூட இல்லை; பெண்ணின் மஞ்சளும் வெளுத்துவிட்டது.

இப்போதெல்லாம் பெண் மஞ்சளானால் முதலில் முட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் ஆணைத்தான் வெளியே எடுக்கிறேன். அதற்கென்று இன்னொரு தொட்டி வாங்கிய வகையில் எனக்கு ஆன செலவு எண்பத்தாறு ரூபாய் ஐம்பது காசு.